ஒரு காது கடைக்கு, ஒரு காது விஸ்வநத்தத்துக்கு

கம்ப்யூட்டர் சாமான் வியாபாரத்தில் மற்ற எதையும் பெட்டியைக் காட்டியே விற்றுவிடலாம். சவுண்ட் கார்டை மட்டும் ஹெட்போன் மாட்டிக் கேட்டுத்தான் விற்க வேண்டும். என் பிழைப்பில் கஷ்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிவகாசியில் அச்சகங்கள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் என் கடை. மவுஸ், கேபிள், கீபோர்டு, குறைந்த விலை ஹெட்போன், அந்த ஹெட்போனுக்கு ஏற்ற சவுண்ட் கார்டு எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரர் செல்வராஜ் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து கலக்கிற ஷெட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. உள்ளே போகிறவர்கள் போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆக, காலையில் அவர் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரைக்கும் ஒரு தகவலும் கிடையாது. எனக்கு இருப்பது என் காது மட்டும்தான். தூரத்தில் ‘டம்’ என்று கேட்டால், அது அடங்குவதற்குள் எந்தப் பக்கம் என்று பிடித்துவிட வேண்டும். விட்டால் போச்சு. சந்தில் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள்.

அதனால் அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் நான் ஹெட்போனை இடது காதில் மட்டும்தான் மாட்டுவேன். வலது காது வெளியே இருக்கும். நான் உட்காரும் நாற்காலிக்கு வலது பக்கம்தான் விஸ்வநத்தம். இந்த ஊரில் இது என் ஒருத்தியின் கிறுக்குத்தனம் இல்லை. பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவர்களைப் பாருங்கள், முக்கால்வாசிப் பேருக்கு ஒரு பக்கம் கழுத்தில்தான் தொங்கும். ஹெட்போனில் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சலைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன வாசக மக்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள். எனக்கு வாய் நீளம், தைரியம் ரொம்பக் குட்டை.

முன்பக்க ஓட்டை

பக்கத்து அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறவர் தங்கராஜ். காதில் பாட்டு ஓடினால்தான் கையில் கலர் வரும் என்பார். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க ஓட்டையில் ஹெட்போனைச் சொருகினால், மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்கிறதாம். நகர்த்துவதை நிறுத்தினால் ‘ஸ்ஸ்’. உங்களில் பாதிப்பேர் இப்போது தலையாட்டுவீர்கள் என்று தெரியும். பெட்டிக்குள்ளே பவர் சப்ளையும் ஃபேனும் இன்னும் என்னென்னவோ ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. அத்தனை பேர் சண்டையையும் கேட்டுக்கொண்டுதான் பாட்டு அந்த முன்பக்க ஓட்டைக்கு வந்து சேர்கிறது. ஹெட்போனை மாற்றிப் பிரயோஜனமில்லை. யு.எஸ்.பி.யில் சொருகுகிற சின்ன சவுண்ட் கார்டு ஒன்று வாங்கி, பாட்டைப் பெட்டிக்கு வெளியே கூட்டி வந்துவிட்டால் இரைச்சல் பெரும்பாலும் போய்விடும். இருப்பதிலேயே மலிவானதை மட்டும் வாங்காதீர்கள், அது தன் பங்குக்குச் சொந்தமாக இரையும். அதற்கு அடுத்த விலையில் இருப்பது போதும்.

தங்கராஜுக்காக அப்படி ஒன்றைச் சொருகி, இடது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு வெடிச்சத்தம். என் கையிலிருந்த ஹெட்போன் கீழே விழுந்தது. அடுத்தது வெடித்தது, அதற்கடுத்தது, அப்புறம் படபடவென்று தொடர்ந்தது. கல்யாண ஊர்வலத்துச் சரவெடி. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சரவெடி ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், அதனால் பயமில்லை. நாங்கள் பயப்படுகிற சத்தம் ஒரே ஒரு தடவைதான் வரும், அப்புறம் ஊரே அமைதியாகிவிடும். முதல் வெடிக்கும் இரண்டாவது வெடிக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் எனக்கு ஆயுசு குறைகிறது. ஹெட்போனைப் பொறுக்கித் துடைத்து, சத்தம் அருமையாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தங்கராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பாதிக் காதுல கேட்டுப்புட்டு முழுசா நல்லாருக்குன்னு சொல்லுறீகளேக்கா.”

ஷட்டரைத் தொட்ட கை

மாரியம்மாள் என் வீட்டுக்காரர் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். வேலை முடிந்து வருகிற வழியில், நகக்கண்ணில் அலுமினியத் தூள் பளபளக்கக் கடைக்கு வந்தார். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, லேப்டாப்பில் ஹெட்போன் சொருகுகிற இடம் உடைந்துவிட்டது. வீட்டில் இருப்பதோ போனோடு வந்த ஹெட்போன், மைக்கும் காதும் ஒரே பின்னில். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மைக்குக்கு ஒரு ஓட்டை, காதுக்கு ஒரு ஓட்டை என்று இரண்டாகப் பிரிந்த கார்டை வாங்கிப் போய், டீச்சர் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்று திரும்பி வருவார்கள். ஒற்றைப் பின்னுக்கு ஒற்றை ஓட்டைக் கார்டுதான் வேண்டும்.

கார்டை வெளியே எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நாலடி பின்னால் போய், கடை ஷட்டரின் இரும்பில் உள்ளங்கையைப் பதித்து எடுத்துவிட்டு வந்துதான் வாங்கினார். கம்பெனியில் ஷெட்டுக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டு மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பதற்காக. என் தொழிலிலும் அதே விதிதான், இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் போர்டைத் தொடணும். நான் மறந்தால் ஒரு பார்ட் போகும். அங்கே மறந்தால் என்ன போகும் என்று நான் யோசிப்பதே இல்லை, யோசித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. “எங்க வீட்டுக்காரரு அதைத் தொடுவாகளா?” என்று மட்டும் கேட்டேன். “போர்மேன் அண்ணாச்சி தானும் தொடுவாக, தொடாம எங்களையும் உள்ள விட மாட்டாக” என்றார். கார்டில் ஏதாவது கோளாறு என்றால் கூப்பிடுவதற்காக அவர் நம்பரை வாங்கிப் பதிந்துகொண்டேன். என் போனில் வாடிக்கையாளர் எல்லாருக்கும் சாமான் பெயரோடுதான் பெயர். இவர் ‘மாரியம்மாள் சவுண்ட் கார்டு’. கிளம்பும்போது ஷட்டரைக் காட்டி அவரே சிரித்துக்கொண்டார்.

“இரும்பைத் தொடாம எதைத் தொட்டாலும் கையி நடுங்குதுக்கா.”

பாய் காவல்

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற ஜமால் பாய், சிவகாசிக்கு வசூலுக்கு வந்தால் என் கடையில் ஒரு டீ குடிக்காமல் போக மாட்டார். வெளிநாட்டில் இருக்கிற மகன் அவருக்கு ஒரு பெரிய ஹெட்போன் அனுப்பியிருந்தான், இரண்டு காதையும் மூடுகிற மெத்தை வைத்தது. அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது என்றார். இந்த மாதிரிப் பெரிய ஹெட்போனைத் தள்ள ஒரு பலம் வேண்டும். சின்னக் கார்டுக்கு அந்தப் பலம் கிடையாது. வாசகர்களே, எப்போதும் ஹெட்போனை முதலில் முடிவு பண்ணுங்கள், அப்புறம் அதற்குத் தக்க கார்டு. சாதாரண ஹெட்போனுக்குப் பெரிய கார்டு வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

பாய்க்குச் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு வைத்த கார்டு ஒன்றை எடுத்தேன். ஆனால் இரண்டு பக்கமும் பலம் சரியாக வருகிறதா என்று இரண்டு காதிலும் வைத்துத்தான் பார்க்க முடியும். அப்போது காலை நேரம். மருந்து கலக்கிறதே வெயில் ஏறுவதற்கு முன்னால்தான், நான் காதை மூடவே கூடாத நேரமும் அதுதான். நான் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பதைப் பார்த்துவிட்டு பாய் எழுந்தார். “நீங்க மாட்டுங்கம்மா, நான் வாசல்ல நின்னு கேட்டுக்கிறேன்” என்று சொல்லி, டீயை அப்படியே வைத்துவிட்டுப் படியில் போய் நின்றார். விஸ்வநத்தம் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் போன் அடித்தது, எடுக்கவில்லை. நான் மாட்டினேன். பகல் வெளிச்சத்தில் இரண்டு காதாலும் பாட்டுக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. மேளம் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நடந்து போனது. நல்ல கார்டுதான். ஆனால் என்னால் பாதிப் பாட்டுக்கு மேல் தாங்க முடியவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு, “என்ன பாய், ஏதாச்சும் கேட்டுச்சா?” என்று வாசலுக்கு ஓடினேன். பாய் கணக்கு ஒப்பிக்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“ஒண்ணுமில்லம்மா, ஒரு ஸ்கூட்டர் போச்சு, ஒரு கோழி கத்துச்சு, அம்புட்டுத்தான்.”

சத்தமே வேண்டாம்

விக்னேஷ் நாரணாபுரத்துக்காரர். அதுவும் பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த ஊர்தான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. காதை முழுசாக மூடுகிற ஹெட்போனும், பேச்சைத் தெளிவாகத் தூக்கிக் கொடுக்கிற கார்டும் கேட்டார். எடுத்துக் காட்டினேன். இதைவிட இறுக்கமாக மூடுவது இருக்கா என்றார். அதையும் காட்டினேன். “வெளிய என்ன நடந்தாலும் எனக்குக் கேக்கக் கூடாதுக்கா” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாய் நீளம் என்று சொன்னேன் இல்லையா. இந்த ஊரில் இருந்துகொண்டு, அதுவும் நாரணாபுரத்தில் இருந்துகொண்டு, இரண்டு காதையும் அடைத்துக்கொள்கிறவன் மனுஷனா, நாளைக்கு ஒன்று நடந்தால் ஓடிப்போய் நிற்க வேண்டாமா, வீட்டில் யாரும் வேலைக்குப் போகவில்லையா என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். நான் முடித்ததும், அம்மா போனாக, நான் படிச்சுக்கிட்டிருந்தப்ப, என்றார். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை மூடிக் கட்டினேன். அவர் கோபப்படாமல்தான் சொன்னார்.

“எனக்குக் கேக்க வேண்டிய சத்தம் ஏற்கெனவே கேட்டு முடிஞ்சிருச்சுக்கா.”

வலது பக்கம் கரகரப்பு

வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். வெடி விபத்து அதிகமாக நடக்கிற அந்த மாதங்களில் பட்டாசுக்காரர் வீட்டில் காலண்டரைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஒரு முற்பகலில் விக்னேஷ் வந்தார். கார்டில் வலது பக்கம் லேசாகக் கரகரக்கிறது, டாக்டர் சொல்கிற மருந்துப் பெயர் சரியாகக் கேட்கவில்லை, தப்பாக அடித்தால் வேலை போய்விடும் என்றார். லேசான கரகரப்பை ஒரு காதில் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. இரண்டு காதையும் மூடி, சத்தத்தைக் கூட்டி, இடதையும் வலதையும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். பாய் வசூலுக்கு வருகிற நாளும் இல்லை. நான் விக்னேஷைப் பார்த்தேன். சத்தமே வேண்டாம் என்கிறவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று எனக்குக் கூசியது. ஆனாலும் கேட்டேன், கொஞ்ச நேரம் வாசலில் நின்று எனக்காகக் கேட்டுக்கொள்ள முடியுமா என்று. அவர் கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் போய் நின்றார்.

நான் மாட்டினேன். பாட்டைக் கூட்டினேன். வலது பக்கம் மெல்லிய கரகரப்பு இருந்தது நிஜம்தான், பின் சொருகுகிற இடம் லூசு. அதைப் பிடித்து ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய கேபிள்கள் எல்லாம் ஆடுவதைப் பார்த்தேன். காற்று இல்லை. கண்ணாடிக்கு வெளியே தங்கராஜ் அச்சகத்திலிருந்து ஓடி வந்தார், அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். என் காதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. விக்னேஷ் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்து நின்றார். ஹெட்போனைப் பிடுங்கினேன். சத்தம் அடங்கிப் போயிருந்தது. ஊரே அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் வெளியே விட்டு வைத்திருந்த காதை அன்றைக்குப் பார்த்தா மூடினேன். “எந்தப் பக்கம்?” என்றேன். திரும்பவும் கேட்டேன். விக்னேஷ் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நாரணாபுரம் பக்கம்க்கா, விஸ்வநத்தம் இல்ல, நான் நல்லாக் கேட்டேன்.”

‘மாரியம்மாள் சவுண்ட் கார்டு’ அழைக்கிறது

உயிர் போய் உயிர் வந்தது. நாரணாபுரத்தில் எத்தனை வீட்டில் அழுகிறார்களோ என்று அடுத்த நொடியே தோன்றத்தான் செய்தது, ஆனால் முதலில் தோன்றியது நிம்மதிதான். சாமி மேல் சத்தியமாக அதுதான். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். என் வீட்டுக்காரர் நம்பரைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கேட்டில் கிடக்கிற போன் எப்போதும் அப்படித்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தங்கராஜ் உள்ளே வந்து என்னமோ சொல்ல வாயெடுத்தார். விக்னேஷ் அவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டிகள் சைரன் போட்டுக்கொண்டு போயின.

கொஞ்ச நேரம் கழித்து என் போன் அடித்தது. ‘மாரியம்மாள் சவுண்ட் கார்டு’ என்று வந்தது. இந்த நேரத்தில் கார்டு ரிப்பேர் ஒன்றுதான் குறைச்சல் என்று எரிச்சலோடு விட்டுவிடப் பார்த்தேன். கடைசி மணியில்தான் எடுத்தேன். “என்னக்கா, கார்டுக்கு என்னாச்சு?” என்றேன். பேசியது என் வீட்டுக்காரர், தொண்டை கிழிகிற மாதிரிக் கத்திக்கொண்டு. “ஈஸ்வரி, நான் நல்லாருக்கேன். பக்கத்துக் கம்பெனியில வெடிச்சிருச்சு. நீ பேசுறது எதுவும் எனக்குக் கேக்கல. நீ பேசாத, நான் சொல்லுறத மட்டும் கேளு, நான் நல்லாருக்கேன்.” நான் பேசாமல் கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கேட்டில் இருந்த நெரிசலில் தன் போன் அகப்படாமல், மாரியம்மாளிடம் வாங்கிப் பேசியிருக்கிறார். வெடித்தது விஸ்வநத்தத்தில், அவர் ஷெட்டுக்கு ஒரு சுவர் தள்ளி. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அதை இதற்கு மேல் நான் எழுத மாட்டேன், அது அவர்கள் வீட்டுத் துக்கம்.

போனை வைத்துவிட்டு, வாசலில் நின்ற விக்னேஷைப் பார்த்தேன். வந்த ஆத்திரத்தில் கை ஓங்கியிருப்பேன். “தெரிஞ்சுக்கிட்டே ஏன்ப்பா பொய் சொன்ன? நான் இந்நேரம் அங்கன ஓடியிருப்பேன்ல” என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது.

“அன்னைக்கு எங்கம்மா விஷயத்துல யாராச்சும் இப்படி ஒரு பொய் சொல்லியிருந்தா, ஒரு மணி நேரமாச்சும் கூட நல்லா இருந்திருப்பேன்க்கா.”

புது வாடிக்கையாளர்

என் வீட்டுக்காரருக்கு இப்போது வலது காது கேட்கவில்லை. உள்ளே ‘ஙொய்’ என்று ஓயாமல் இரைகிறதாம். பார்ப்போம், திரும்பினாலும் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கம்பெனியை மூடிச் சோதனை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள், எனக்கும் ஒரு பாட்டுப் போடு என்றார். மாட்டிவிட்டேன். பாட்டில் பாதி வரமாட்டேங்குது என்றார். வரத்தான் செய்தது, அந்தப் பாதி வலது காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து விடுகிற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் முழுப் பாட்டும் ஒரே காதில் கிடைக்கும். ஒரு காது மட்டும் கேட்கிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தனிச் செலவே இல்லை. போட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

முடிந்ததும், திங்கக்கெழமை கம்பெனி திறக்கிறாக என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, தீபாவளி சீசனுக்கு ஆர்டர் நிற்கிறது, அவருக்குத் தெரிந்த தொழிலும் அதுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, கேபிளைச் சுற்றுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றினார். சட்டையில் துடைத்து, என் தலையில் தானே மாட்டினார். பழக்க தோஷத்தில் வலது பக்கத்தை நான் தள்ளிவிட, அவர் அதைத் திரும்ப இழுத்து என் காதில் பொருத்தினார்.

“ரெண்டு காதுலயும் மாட்டிக்க, நான்தான் இங்கன இருக்கேன்ல.”

ஆக, குறைந்த விலையில் நல்ல சவுண்ட் கார்டு எது என்று இனிமேல் யாராவது கேட்டால், வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மாட்டிக் கேட்கிற எந்தக் கார்டும் நல்ல கார்டுதான், திங்கட்கிழமையிலிருந்து எதுவுமே தேறாது என்றுதான் சொல்வேன்.